‘ஆள் கிடைக்கவில்லை’ என்ற பதில்

நேயர்களுக்கு வணக்கம்.

கலிஃபோர்னியாவில் பதினாறு வருடம் மென்பொருள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். வானொலி நிலையத்தார் அழைத்தபோது, அங்கே நம் ஆட்கள் முன்னேறிய கதையைச் சொல்லச் சொன்னார்கள். அதைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கோ, ஆறு வருடம் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த ஒருவரின் நினைப்புதான் வந்தது. அவர் அலபாமா மாநிலத்துக்காரர், கறுப்பினத்தவர். எங்கள் அலுவலகத் தளத்தில் ஏறக்குறைய இருநூறு பேர் இருந்தோம். கறுப்பின ஆண் பொறியாளர் அவர் ஒருவர்தான். ஏன் இப்படி என்று மேலே இருப்பவர்களைக் கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான் வரும்: “எடுக்கத்தான் ஆசை, ஆள் கிடைக்கவில்லை.”

அந்தப் பதிலை நானும் வெகுநாள் நம்பினேன். ராய் கிளே என்பவரின் வாழ்க்கையைப் படித்த பிறகுதான் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது.

ராய் கிளே 1929இல் மிசூரி மாநிலத்தில், கின்லாக் என்ற ஊரில் பிறந்தவர். கறுப்பின மக்கள் வாழ்ந்த சின்ன ஊர் அது. பக்கத்து ஊர் ஃபெர்குசன். 2014இல் மைக்கேல் பிரவுன் என்ற இளைஞரைப் போலீஸ் சுட்டுக் கொன்றபோது உலகமே கேள்விப்பட்டதே, அதே ஃபெர்குசன். சிறுவயதில் கிளே அங்கே தோட்ட வேலைக்குப் போவார். ஒரு நாள் வேலை முடிந்து திரும்பும்போது போலீஸ்காரர்கள் பிடித்து, கைவிலங்கு மாட்டி, வண்டியில் ஏற்றிக் கின்லாக்கில் இறக்கிவிட்டு, இனி ஃபெர்குசனில் உன்னைப் பார்க்கக்கூடாது என்று மிரட்டினார்கள். வீட்டுக்கு வந்து சொன்ன பையனிடம் அம்மா சொன்னாராம்: இந்த நிறவெறி ஆயுசு முழுக்க உன்கூட வரும், ஆனால் நீ ஜெயிக்காமல் போனதற்கு அதைக் காரணமாகச் சொல்லிவிடாதே.

1951இல் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் கணிதப் பட்டம் வாங்கினார். அங்கே படித்து முடித்த முதல் கறுப்பின மாணவர்களில் அவரும் ஒருவர். மெக்டொனல் என்ற விமான நிறுவனம் நேர்காணலுக்கு அழைத்தது. விண்ணப்பத் தாளில் நிறம் தெரியாது இல்லையா? நேரில் போய் நின்றதும், படித்தவர்கள் பார்க்கிற வேலை எதுவும் நீக்ரோக்களுக்கு எங்களிடம் இல்லை என்று முகத்துக்கு நேராகவே சொல்லி அனுப்பிவிட்டார்கள். கிளே பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கப் போனார். ஆனால் விடவில்லை. 1956இல் அதே மெக்டொனலில் கணினி நிரல் எழுதுபவராக உள்ளே நுழைந்தார். அடுத்து கலிஃபோர்னியாவில், அணு ஆயுத ஆராய்ச்சி நடக்கும் லிவர்மோர் ஆய்வுக்கூடம். அணுகுண்டு வெடித்தால் கதிர்வீச்சு காற்றில் எப்படிப் பரவும் என்று கணக்கிடும் நிரலை அங்கே எழுதினார். 1965இல் ஹியூலெட் பேக்கார்டு அவரை அழைத்துக்கொண்டது. நம் வீட்டுப் பிரிண்டரில் எச்பி என்று போட்டிருக்கிறதே, அந்த நிறுவனம்தான். அடுத்த வருடம் அவர்களுடைய முதல் கணினி வெளிவந்தது. அதன் மென்பொருள் வேலைக்குத் தலைமை தாங்கியவர் ராய் கிளே.

அது 1966. இன்டெல் என்ற நிறுவனமே அப்போது கிடையாது. கணினி நிறுவனங்கள் குவிந்திருக்கும் அந்தக் கலிஃபோர்னியாப் பகுதிக்கு ‘சிலிக்கான் பள்ளத்தாக்கு’ என்ற பெயர் பத்திரிகையில் அச்சேற இன்னும் ஐந்து வருடம் இருந்தது. அந்த இடத்துக்குப் பெயர் விழும் முன்பே அங்கே ஒரு கறுப்பின மனிதர் கணினிப் பிரிவை நடத்திக்கொண்டிருந்தார். 1973இல் அங்கே உள்ள பாலோ ஆல்ட்டோ நகர மன்றத்துக்கும் போனார், அந்த மன்றத்தில் உட்கார்ந்த முதல் கறுப்பினத்தவராக. 2024 செப்டம்பரில், 95 வயதில் காலமானார். நான் அங்கே இருந்த பதினாறு வருடமும் அவர் உயிரோடு இருந்தார், என் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில். அவர் பெயரை அலுவலகத்தில் ஒருவர்கூட என்னிடம் சொன்னதில்லை.

இன்னொரு கறுப்பினப் பொறியாளர் ஜெர்ரி லாசன். தொண்ணூறுகளில் நம் ஊர்ப் பிள்ளைகள் டிவியில் வீடியோ கேம் விளையாடியது நினைவிருக்கிறதா? விளையாட்டை மாற்ற வேண்டுமென்றால் ஒரு ‘கேசட்டை’ப் பிடுங்கி இன்னொன்றைச் செருகுவோம். அப்படிச் செருகி விளையாடும் முதல் வீட்டுக் கருவி, 1976இல் வந்த ஃபேர்சைல்டு சேனல் எஃப். அதற்கு முன்னால் கருவிக்குள் என்ன விளையாட்டு இருக்கிறதோ அதோடு சரி. செருகும் விளையாட்டு என்ற யோசனையை வேறு இருவர் முன்மாதிரியாகச் செய்து வைத்திருந்தார்கள். ஆனால் ஒரு குழந்தை நூறு முறை பிடுங்கிச் செருகினாலும் உள்ளே இருக்கும் சில்லு நிலைமின்சாரத்தில் பொசுங்காமல், கடையில் விற்கும் பொருளாக அதை ஆக்கிக் கொடுத்த குழுவின் தலைவர் லாசன். விளையாட்டைப் பாதியில் நிறுத்தி வைக்கும் பொத்தானும் அந்தக் கருவியில் இருந்தது.

வானொலியில் பேசுவதால் இதையும் சொல்லிவிடுகிறேன். லாசன் பதின்மூன்று வயதிலேயே நியூயார்க்கில் தன் வீட்டில் அமெச்சூர் வானொலி நிலையம் அமைத்தவர். அப்பா கப்பல் துறையில் சரக்கு இறக்கும் தொழிலாளி. முதல் வகுப்பு ஆசிரியை அவன் மேசைக்குப் பக்கத்தில் கறுப்பின விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரின் படத்தைக் காட்டி, நீயும் இப்படி ஆகலாம் என்று சொன்னதைக் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆப்பிள் கணினி பிறந்த ஹோம்புரூ என்ற கணினி ஆர்வலர் சங்கத்தில் இருந்த இரண்டே கறுப்பினத்தவரில் அவரும் ஒருவர். அவருடைய வேலையைத் தெரிந்துவைத்திருந்தவர்கள்கூட முதன்முதலாக நேரில் பார்க்கும்போது திகைத்துப்போவார்களாம். இப்படி ஒருவரை அவர்கள் எதிர்பார்த்திருக்கவில்லை. விளையாட்டு உருவாக்குபவர்களின் சங்கம் 2011 மார்ச்சில் அவரைக் கௌரவித்தது. ஏப்ரலில் இறந்துவிட்டார்.

சரி, இப்படிப்பட்டவர்கள் தொடக்கத்திலேயே இருந்தும், பிறகு என்ன ஆயிற்று?

2014இல் கூகுள் முதன்முறையாகத் தன் ஊழியர் கணக்கை வெளியிட்டது. ஜெஸ்ஸி ஜாக்சன் போன்ற குடிமை உரிமைத் தலைவர்கள் பங்குதாரர் கூட்டங்களுக்கே போய் நின்று கேட்ட காலம் அது. அமெரிக்க மக்களில் கறுப்பினத்தவர் ஏறத்தாழ 13 விழுக்காடு. கூகுளில் 2 விழுக்காடு. தொழில்நுட்ப வேலைகளை மட்டும் எடுத்தால் 1 விழுக்காடு. அதே வருடம் யுஎஸ்ஏ டுடே பத்திரிகை கணக்கெடுத்துப் பார்த்தது. பெரிய பல்கலைக்கழகங்களில் கணினி படித்து வெளியே வருபவர்களில் கறுப்பின, லத்தீன் இன மாணவர்களின் பங்கு, பெரிய நிறுவனங்கள் வேலைக்கு எடுப்பவர்களில் அவர்களுக்கு உள்ள பங்கைப்போல இரண்டு மடங்கு இருந்தது. பட்டத்தோடு ஆள் இருந்தார்கள். அழைப்புதான் போகவில்லை.

அழைப்பு எப்படிப் போகிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் நானும் அதை அனுப்பியவன். ரெஃபரல் என்பார்கள். உள்ளே வேலை பார்ப்பவர் ஒரு பெயரைச் சொன்னால், அந்த விண்ணப்பம் குவியலின் மேலே வந்துவிடும். சேர்ந்துவிட்டால் பெயர் சொன்னவருக்குப் பணமும் உண்டு. பதினாறு வருடத்தில் நான் பல பெயர்களைக் கொடுத்திருக்கிறேன். அத்தனை பேரும் என் கல்லூரி ஜூனியர்கள், அவர்களுடைய நண்பர்கள், இரண்டு சொந்தக்காரர்கள். யாரையும் ஒதுக்க வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. எனக்குத் தெரிந்தவர்களைச் சொன்னேன். வெள்ளைக்கார நண்பர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களைச் சொன்னார்கள். தளத்தில் தன் இனத்தவர் ஏறக்குறைய யாரும் இல்லாத அந்த அலபாமாக்காரர் சொன்ன பெயர்கள் குவியலுக்குள்ளேயே கிடந்தன.

இதில் என்னை உறுத்துவது இன்னொன்று. 1965க்கு முன்னால் அமெரிக்காவில் குடியேற இந்தியர்களுக்கு வருடத்துக்குச் சுமார் நூறு இடம்தான். அந்த ஒதுக்கீட்டு முறையை உடைத்த குடியேற்றச் சட்டம் 1965 அக்டோபரில் கையெழுத்தானது. 1964இல் குடிமை உரிமைச் சட்டம், 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம், அதே அலையில் இதுவும் வந்தது. அந்த அலையை எழுப்ப அடிபட்டவர்கள், நாய்கள் ஏவப்பட்டவர்கள், அலபாமாவின் பாலத்தில் மண்டை உடைபட்டவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள்தான். என் நண்பரின் தாத்தா அந்த மாநிலத்தில்தான் ஓட்டுரிமைக்காக வரிசையில் நின்றார். அவர்கள் திறந்த கதவு வழியாக நான் போனேன்.

நிறுவனத்துக்குள் வந்த பிறகும் நண்பருக்கு வேறு சட்டம்தான். அவர் ஆறடிக்கு மேல் உயரம். கூட்டத்தில் நான் குரலை உயர்த்தி வாதாடியிருக்கிறேன், அதை ஈடுபாடு என்றார்கள். அவர் அமைதியாக மறுத்துப் பேசியதற்கே, வருட மதிப்பீட்டில் ‘அணுகக் கடினமானவர்’ என்று எழுதினார்கள். அதன்பிறகு அவர் பேசுவதே குறைந்துபோனது. ஒரு சனிக்கிழமை இரவு சர்வர் படுத்துவிட்டது. இரண்டு பேரும் ஓடினோம். நான் அடையாள அட்டையை வீட்டிலேயே மறந்துவிட்டிருந்தேன். காவலர் எனக்குத் தலையாட்டி வழிவிட்டு, அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்த அவரை நிறுத்தி விசாரித்தார். நான் சண்டைக்குப் போனேன். அவர் என் தோளைத் தொட்டு, “விடு, சர்வரைப் பார்ப்போம்” என்றார். ஒவ்வொரு தடவையும் நின்று சண்டை போட்டால் வேலை பார்க்க நேரமே இருக்காது என்று பிறகு காபி குடிக்கும்போது சொன்னார். அன்று இரவு நிரலைச் சரிசெய்ததும் அவர்தான்.

மென்பொருளை உருவாக்கும் இடத்தில் கறுப்பினத்தவர் இல்லையென்றால், உருவாகும் பொருளிலும் அது தெரியும். 2020 ஜனவரியில் டெட்ராய்ட் போலீஸ் ஒரு கறுப்பினத் தகப்பனை அவர் வீட்டு வாசலில், மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் பார்க்கக் கைவிலங்கிட்டுக் கொண்டுபோனது. கடைத் திருட்டு ஒன்றின் மங்கலான படத்தோடு முகமறியும் மென்பொருள் அவர் படத்தைத் தவறாகப் பொருத்தியிருந்தது. ஏறக்குறைய முப்பது மணி நேரம் அடைத்து வைத்திருந்தார்கள். 2024இல் நகர நிர்வாகம் மூன்று லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்தது.

அதே 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ் கொன்ற பிறகு நிறுவனங்கள் பெரிய வாக்குறுதிகள் கொடுத்தன. மேல்நிலைப் பொறுப்புகளில் குறைந்த பிரதிநிதித்துவம் உள்ளவர்களை 2025க்குள் 30 விழுக்காடு அதிகரிப்பதாகக் கூகுள் சொன்னது. 2025 வந்தது. ஜனவரியில் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா, எல்லா இனத்தவரையும் சேர்ப்பதற்கான தன் பன்முகத்தன்மைத் திட்டங்களை நிறுத்தியது. பிப்ரவரியில் கூகுள் அப்படிப்பட்ட இலக்குகளையே கைவிட்டது.

ஆனால் நிறுவனங்களை எதிர்பார்த்துக் காத்திராதவர்களும் இருக்கிறார்கள். மக்கிண்டே அடியக்போ என்ற பொறியாளர் தொடங்கிய டெவ் கலர் என்ற அமைப்பில் கறுப்பினப் பொறியாளர்கள் சின்னச் சின்னக் குழுக்களாக மாதா மாதம் கூடுகிறார்கள். சம்பளம் எவ்வளவு கேட்கலாம், பதவி உயர்வுக்கு யாரிடம் பேசலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். எனக்கு இதையெல்லாம் கல்லூரி சீனியர்களும் தமிழ்ச் சங்கத்து அண்ணன்மார்களும் சாப்பாட்டு மேசையிலேயே சொல்லிவிட்டார்கள். நண்பருக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை என்பதை நான் ஆறு வருடமும் கவனிக்கவே இல்லை.

அவர் இப்போது அட்லாண்டாவில் ஒரு நிறுவனத்தில் பன்னிரண்டு பேர் கொண்ட குழுவை நடத்துகிறார். போன மாதம் போன் செய்தார். குழுவில் இரண்டு இடம் காலியாக இருக்கிறதாம். “உன் கல்லூரி ஜூனியர்கள் யாராவது தேடிக்கொண்டிருக்கிறார்களா?” என்று கேட்டார்.