விண்டோஸ் 95 தன்னை 3.95 என்று சொன்னது ஏன்?

[திரையில்: 4.00 என்ற எண் அழிந்து 3.95 ஆகிறது]

விண்டோஸ் 95-இன் உண்மையான பதிப்பு எண் 4.0. ஆனால் ஒரு 16 பிட் புரோகிராம் (விண்டோஸ் 3.1 காலத்துப் பழைய வகை) "நீ எந்தப் பதிப்பு?" என்று கேட்டால் 3.95 என்று பதில் வரும். தெரிந்தே சொன்ன பொய். மைக்ரோசாஃப்ட்டுக்கு அப்படி என்ன அவசியம்?

விண்டோஸ் 3.1-க்குப் போவோம். அதில் பதிப்பு எண்ணைச் சொல்லும் கெட்வெர்ஷன் என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டால் ஒரு பைட்டில் 3, இன்னொரு பைட்டில் 10 வரும். அதாவது உள்ளே அது 3.10. "என் புரோகிராமுக்குக் குறைந்தது 3.1 வேண்டும்" என்று நினைத்தவர்களில் சிலர் இப்படிச் சோதித்தார்கள்: முதல் எண் 3-க்குக் குறைவா? அல்லது இரண்டாவது எண் 10-க்குக் குறைவா? ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்றால் ஓடாதே.

3.0-லும் 3.1-லும் இது சரியாகவே வேலை செய்யும். இப்போது 4.0-வைப் போட்டுப் பாருங்கள். முதல் எண் 4, பாஸ். இரண்டாவது எண் 0, ஃபெயில்! புத்தம் புது விண்டோஸைப் பார்த்து "ரொம்பப் பழசு" என்று புரோகிராம் நின்றுவிடும். 3.95 என்றால் 3 பாஸ், 95-உம் பாஸ். பெயரில் இருக்கிற அதே 95! இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

விண்டோஸுக்கு முந்தைய டாஸிலும் இதே கதைதான். 1991-இல் வந்த எம்எஸ்-டாஸ் 5.0-வில் செட்வெர் என்று ஒன்று இருந்தது: எந்தப் புரோகிராமிடம் எந்தப் பதிப்பு எண்ணைச் சொல்ல வேண்டும் என்ற பட்டியல்.

சரி, எப்படித்தான் கேட்பது? லாரி ஓட்ட ஆள் எடுக்கும்போது வயதை மட்டும் கேட்டுவிட்டுச் சாவியைக் கொடுப்போமா? ஓட்டத் தெரியுமா என்று கேட்போம். இங்கேயும் அதேதான்: பதிப்பு எண்ணைக் கேட்காமல், வேண்டிய வசதி இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

[திரையில்: கெட்டிஸ்க்ஃப்ரீஸ்பேஸ்எக்ஸ்]

2 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்கில் காலியிடத்தைச் சரியாகச் சொல்லும் ஃபங்ஷன் இது. முதலில் வந்த விண்டோஸ் 95-இல் கிடையாது, பின்னால் வந்த ஓஎஸ்ஆர்2 என்ற திருத்திய விண்டோஸ் 95-இல் உண்டு. இரண்டுமே 4.0! இந்த ஃபங்ஷனை உங்கள் புரோகிராமோடு நேரடியாக லிங்க் செய்தால் (அதாவது இணைத்துவிட்டால்) முதல் விண்டோஸ் 95-இல் உங்கள் புரோகிராம் திறக்கவே திறக்காது. அதனால் விண்டோஸின் அடிப்படை ஃபங்ஷன்கள் இருக்கும் கெர்னல்32-இடம் கெட்ப்ராக்அட்ரஸ் மூலம் அந்த ஃபங்ஷனின் முகவரியைக் கேளுங்கள். முகவரி வந்தால் பயன்படுத்துங்கள். பூஜ்யம் வந்தால் பழைய கெட்டிஸ்க்ஃப்ரீஸ்பேஸுக்குப் போங்கள்.

ஆப்பிளின் மேக்கில் இதற்கென்றே சிஸ்டம் 6.0.4 காலத்திலிருந்து கெஸ்டால்ட் என்ற ஃபங்ஷன் இருந்தது. நான்கெழுத்துக் குறியீடு கொடுத்து, வீடியோ ஓட்டும் குவிக்டைம் இருக்கிறதா என்று நேராகவே கேட்கலாம். என்னைக் கேட்டால், அந்தக் காலத்தில் இதைச் சரியாக யோசித்தவர்கள் அவர்கள்தான்.

பழைய மெஷினுக்கு இன்றும் கோட் எழுதுகிறவரா நீங்கள்? பதிப்பு எண்ணைப் பார்க்காமல் வேறு வழியே இல்லாத இடம் ஏதாவது உங்களுக்கு வந்திருக்கிறதா? கமெண்டில் எழுதுங்கள், அடுத்த வீடியோவில் அதை எடுத்துக்கொள்கிறேன்.