திறப்பைத் திருப்பிக் கேட்கும் கடிதம்

நடுவர் அவர்களே, என் அணியினரே, எதிரணி நண்பர்களே, தைமாதக் குளிரையும் பாராமல் பொங்கல் விழாவுக்கு வந்து இந்த லண்டன் மண்டபத்தை நிறைத்திருக்கும் உறவுகளே, எல்லோருக்கும் வணக்கம்.

"பெற்றோர் கண்மூடிய பின் கவுன்சில் வீடு கூடவே இருந்த பிள்ளைக்கா, வரிசையில் காத்திருக்கும் குடும்பத்துக்கா?" இதுதான் தலைப்பு. கவுன்சில் வீடு என்றால் உள்ளூராட்சி சபை வாடகைக்குக் கொடுக்கும் வீடு. கூடவே இருந்த பிள்ளைக்குத்தான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்பு பேசிய தம்பி மேசையில் தட்டி ஒரு கேள்வி கேட்டார்: "கவுன்சில் வீடு என்ன உங்கட முதுசமா?" பரம்பரைச் சொத்தா என்று கேட்கிறார். மண்டபம் கைதட்டியது. நல்ல கேள்வி தம்பி, முதலில் அதற்கே வருகிறேன்.

முதுசம் இல்லைத்தான். டச்சுக்காரரான ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் ஏறிய, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையிலேயே முதுசம் வேறு, சீதனம் வேறு, மணமான பின் சம்பாதித்த தேடியதேட்டம் வேறு என்று பிரித்து வைத்த ஊர்க்காரர் நாங்கள். இது எங்களுக்குத் தெரியாததா? முதுசக் காணியை விற்கலாம், ஈடு வைக்கலாம், பேருக்கு எழுதலாம். கவுன்சில் வீட்டில் இதில் ஒன்றுமே எங்கட விருப்பப்படி நடக்காது. வாடகை கட்டலாம், குடியிருக்கலாம். தாய் போன பிறகு மகள் கேட்பதும் அதே வாடகையைக் கட்டி அதே கதவால் உள்ளே போய்வர ஒரு அனுமதி மட்டும்தான். முதுசம் கேட்கிறாள் என்று அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சரியா?

நடுவர் அவர்களே, பன்னிரண்டு வருடமாகச் சனத்துக்குக் கவுன்சில் கடிதங்களை வாசித்து விளங்கப்படுத்தி வருகிறேன். அதில் ஒரு வீட்டுக் கதை மட்டும் சொல்கிறேன். எந்தக் கவுன்சில், எந்தக் குடும்பம் என்பது இங்கே வேண்டாம்.

தாய் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஐந்து வயது மகளோடு வந்தவர். கணவர் ஊரிலேயே இறந்துவிட்டார். இரண்டு வருடம் தற்காலிக இடங்களில் அலைந்த பிறகு மூன்றாம் மாடியில் இரண்டு அறை ஃப்ளாட் கிடைத்தது, லிப்ட் இல்லை. அந்தப் படிகளில்தான் மகள் வளர்ந்தாள். தாய்க்கு முழங்கால் போனது, பிறகு சிறுநீரகம். மகள் வேலையைப் பாதியாகக் குறைத்தாள், பிறகு விட்டே விட்டாள். 2016இல் கவுன்சில் அதிகாரி அக்கறையோடு ஒரு யோசனை சொன்னார்: "கீழ்த்தளத்தில் ஒரு ஃப்ளாட் வருகிறது, அம்மாவுக்குச் சுகமாக இருக்கும், மாறிப் போங்கள்." மாறினார்கள். தாய் புது வாடகைப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தார். ஐந்து வருடம் மகள் அவரைக் குளிப்பாட்டி, டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய், கடைசி இரவு கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள்.

அம்மாவின் முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடிந்த கையோடு கவுன்சிலின் கடிதத்தை என்னிடம் கொண்டுவந்தாள். முதல் பந்தியில் அனுதாபம். இரண்டாம் பந்தியில், டெனன்சி, அதாவது வாடகைக் குடியிருப்பு உரிமை, உங்களுக்கு வராது, நாலு கிழமை நோட்டீஸ், வீட்டை வெறுமையாக்கித் திறப்பை ஒப்படையுங்கள் என்று இருந்தது. வாடகைக் கணக்கு மூடப்பட்டுவிட்டது. இனிக் கட்டும் காசு வாடகை இல்லையாம், குடியிருப்புக்கான கட்டணமாம். முப்பது வருடம் கவுன்சில் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தக் கடிதம் கொடுத்த பெயர் 'அனுமதி இல்லாமல் இருப்பவர்'.

ஏன் வராது? 1980ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டம்தான் கவுன்சில் குடியிருப்பாளருக்கு முதன்முதலாகச் சட்டப் பாதுகாப்புத் தந்தது. குடியிருப்பாளர் இறந்தால் கூட இருந்தவருக்கு டெனன்சி போகும் சக்சஷன் என்ற உரிமையும் அதோடு வந்தது. 1985ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தெளிவாக எழுதியது. கணவன் மனைவிக்கு முதலிடம். அவர்கள் இல்லையென்றால், இறப்பதற்கு முன் 12 மாதம் கூட வாழ்ந்த பிள்ளை, பேரப்பிள்ளை, சகோதரம், பெறாமகன், பெறாமகள் என்று உறவில் ஒருவருக்கு, ஒரே ஒரு தடவை. முப்பது வருடத்துக்கு மேலாக இந்த நாட்டில் இதுதான் நடைமுறை. பிறகு 2011இல் லோக்கலிசம் சட்டம் வந்தது. 2012 ஏப்ரல் 1 முதல் இங்கிலாந்தில் கொடுக்கப்பட்ட டெனன்சி என்றால் கணவன், மனைவி, துணைவருக்கு மட்டுமே சட்டப்படி போகும். பிள்ளைக்குப் போக வேண்டுமென்றால் ஒப்பந்தத்தில் கவுன்சிலே அப்படி எழுதியிருக்க வேண்டும். சில கவுன்சில்கள் எழுதுகின்றன, சில எழுதுவதில்லை. தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு நீதி, அந்தப் பக்கம் இன்னொரு நீதி.

இப்போது அந்தத் தாயை நினைத்துப் பாருங்கள். வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் மாடியிலேயே கிடந்திருந்தால் பழைய டெனன்சி, பழைய சட்டம், மகளுக்கு வீடு. கவுன்சில் சொல்லைக் கேட்டுக் கீழே இறங்கியதால் புதுப் பத்திரம், புதுச் சட்டம், மகளுக்குத் தெரு. அவள் பார்த்த பராமரிப்பில் எந்த வித்தியாசமும் இல்லை, வித்தியாசம் பத்திரத்தில் இருந்த திகதியில். அன்று கையெழுத்து வைக்கும்போது இதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. எதிரணியினரே, இதை நியாயம் என்று எந்த வாயால் சொல்வீர்கள்?

எதிரணித் தலைவி அக்கா கண்கலங்கச் சொன்ன காட்சியை நான் ஒதுக்கவில்லை. ஒரே அறையில் மூன்று பிள்ளைகளோடு ஹோட்டலில் இருக்கும் தாய். குடும்பங்களை அப்படி ஆறு கிழமைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. அதைத் தாண்டியும் மாதக்கணக்கில் இருப்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன். இங்கிலாந்தில் 2024 மார்ச்சில் காத்திருப்புப் பட்டியலில் 13 இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இருந்தன. தற்காலிக இடங்களில் 1 இலட்சத்துக்கும் மேல். அந்தத் தாயும் எங்கட சனம்தான், அந்தப் பிள்ளைகளும் எங்கட பிள்ளைகள்தான்.

ஆனால் அக்கா, அந்த வரிசை எப்படி நீண்டது? வாடகைக்கு விட வேண்டிய வீடுகளைக் குடியிருப்பாளருக்கே தள்ளுபடி விலையில் விற்கும் திட்டமும் அதே 1980ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது. இங்கிலாந்தில் மட்டும் ஏறக்குறைய 20 இலட்சம் வீடுகள் அப்படிப் போயின. விற்றதற்கு ஈடாகக் கட்டவில்லை. 13 இலட்சம் குடும்பங்களின் துயரத்துக்கு உரிய கணக்கு அங்கே கிடக்கிறது. அதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல், தாயைப் புதைத்த ஈரம் காயாத ஒரு பெண்ணின் கையிலிருந்து திறப்பைப் பறித்து வரிசையில் நிற்கும் இன்னொரு பெண்ணின் கையில் கொடுத்தால் வரிசையில் ஒரு தலை குறையுமா? வெளியே வந்தவள் எங்கே போவாள்? அதே வரிசையின் கடைசிக்குப் போவாள். அவள் தனியாள், சிறு பிள்ளை இல்லை, பெரிய நோய் இல்லை. அப்படிப்பட்டவரை முன்னுரிமைக்காரர் என்று வீடற்றோர் சட்டம் பொதுவாக எடுப்பதில்லை. ஆலோசனை சொல்வார்கள், தனியார் வாடகை இடங்களின் பட்டியல் தருவார்கள். வேலையை விட்டு அம்மாவைப் பார்த்தவளுக்கு லண்டனில் எந்தத் தனியார் வீட்டுக்காரர் வீடு கொடுப்பார்?

பராமரிப்பாளர் கொடுப்பனவு என்று ஒன்று இருக்கிறது. கிழமைக்கு 35 மணி நேரமாவது பார்த்திருக்க வேண்டும், கையில் வருவது நூறு பவுண்கூட இல்லை. இரவு பகலாகப் பார்த்தாலும் அதே தொகைதான். முதியோர் இல்லத்தில் வைத்திருந்தால் கவுன்சிலே கட்டியிருக்க வேண்டிய செலவைத் தன் இளமையால் கட்டியவள் இவள். பொதுப் பணத்தைப் பற்றிப் பேசிய தம்பி இந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

"நல்ல சம்பளக்கார மகன் மூன்று அறை வீட்டில் தனியாக இருக்கலாமா?" என்றும் கேட்டார்கள். இருக்கத் தேவையில்லை. பழைய சட்டத்திலேயே அதற்கு வழி இருந்தது, இன்றும் இருக்கிறது. துணைவரல்லாத ஒருவர் சக்சஷனில் வந்து, வீடு அவருடைய தேவைக்கு மீறிப் பெரிதாக இருந்தால், இறப்பு நடந்து ஆறு மாதத்துக்குப் பிறகு, ஒரு வருடத்துக்குள் கவுன்சில் நடவடிக்கை தொடங்கலாம். தகுந்த சிறிய வீடு ஒன்றைக் கொடுத்துப் பெரிய வீட்டை எடுத்துக்கொள்ளலாம். அப்போது நீதிமன்றம் என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது தெரியுமா? அவருடைய வயது. எத்தனை காலம் அங்கே குடியிருந்தார். முந்தைய குடியிருப்பாளருக்குக் காசாலோ வேறு விதத்திலோ என்ன ஆதரவு கொடுத்தார். நடுவர் அவர்களே, தாயைப் பார்த்ததற்கு ஒரு பெறுமதி உண்டு என்று இந்த நாட்டுச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது! பெரிய வீடு குடும்பத்துக்குப் போகட்டும், கூட இருந்த பிள்ளைக்குச் சின்ன வீடு கிடைக்கட்டும். நாங்கள் கேட்கும் தீர்வு புத்தகத்திலேயே இருக்கும்போது, பிள்ளையைச் சட்ட உரிமையிலிருந்து வெட்டிவிட்ட அந்த 2012 விதி எதற்கு?

இந்தத் தீவின் மற்றப் பக்கங்களையும் பாருங்கள். ஸ்கொட்லாந்தில் டெனன்சி இரண்டு தடவை கைமாறலாம். 12 மாதம் கூட வாழ்ந்த உறவினருக்கும் இடம் உண்டு, அவருக்கு அடுத்த இடத்தில், பராமரிக்கவென்று வந்து தங்கிய பராமரிப்பாளருக்கும் உண்டு. வேல்ஸில் 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டமும் இரண்டு தடவைக்கு இடம் விட்டு, பராமரிப்பாளரையும் சேர்த்துக்கொண்டது. அங்கேயும் வீட்டுத் தட்டுப்பாடு இருக்கத்தான் செய்கிறது. அந்தத் தட்டுப்பாட்டுக்கு நடுவிலும், பார்த்த பிள்ளையை வெளியே தள்ளுவதில்லை என்று அவர்கள் முடிவெடுத்திருக்கிறார்கள்.

பழைய டெனன்சிக்காரரும் நிம்மதியாக இருந்துவிட முடியாது, அதையும் இந்தச் சபையில் சொல்ல வேண்டும். எங்கட ஆட்கள் அதிகம் பேர் கணவன் மனைவி இரண்டு பேர் பெயரிலும் கூட்டாக எடுத்தவர்கள். அப்பா இறந்து அம்மா பெயரில் மட்டும் நிற்கும்போதே அந்த ஒரு தடவை முடிந்துவிட்டது. அம்மாவுக்குப் பிறகு பிள்ளை பத்து வருடம் கூட இருந்திருந்தாலும் சட்டப்படி ஒன்றும் இல்லை. உயிரோடு இருக்கும்போதே பெயர் மாற்றலாம், அதுவும் அன்று தாய் இறந்தால் யாருக்கு உரிமை வருமோ அவருக்கு மட்டும். தாய் நிரந்தரமாக முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டால் அது அவருடைய வீடே இல்லையென்று ஆகிவிடும், அந்தக் கதவும் மூடிவிடும். இதைப் பற்றிக் கதைத்தாலே "அம்மா இருக்கும்போது என்ன அபசகுனக் கதை" என்று வாயை மூடிவிடுகிறோம்.

இன்னொன்று சொல்லவே மனம் நோகிறது. கவுன்சில் வரியில் தனியாளுக்கு 25 வீதக் கழிவு கிடைக்கிறதென்று பிள்ளை பெயரைப் போடாமல் விட்ட வீடுகள் உண்டு. அது பிழை. அந்தப் பிழையின் விலையை, 12 மாதம் இங்கேதான் இருந்தேன் என்று நிரூபிக்க ஒரு கடிதம்கூட இல்லாமல் அந்தப் பிள்ளைதான் கட்டுகிறது. மோசடி செய்பவர்களைப் பற்றி எதிரணி பேசியது. கள்ளமாக வாடகைக்கு விடுவது 2013இலிருந்து குற்றவியல் குற்றம், பிடியுங்கள், தண்டியுங்கள். அதற்கும் அம்மாவின் டயாலிசிஸ் கட்டிலருகே இருந்த பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்?

மணி அடித்துவிட்டார்கள், இன்னும் ஒரு நிமிடம் மட்டும்.

அந்த மகள் வீட்டை ஒப்படைத்த அன்று நானும் போனேன். சாமி அறையாக வைத்திருந்த அலுமாரியைத் துடைத்து, குளியலறைச் சுவரில் அம்மா பிடித்து எழும்பும் கம்பியையும் துடைத்து வைத்தாள். "அடுத்து வாறவைக்கும் ஒரு அம்மா இருக்கலாம்தானே அக்கா" என்றாள். வரிசையில் நிற்கும் குடும்பத்தின் மேல் அவளுக்குக் கோபம் இருக்கவில்லை. இன்று இரண்டு பேருடைய வீட்டு வரவேற்பறைகளில் மாறி மாறிப் படுக்கிறாள்.

நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதும்போது அவளையும் அந்த ஹோட்டல் அறைத் தாயையும் எதிரெதிரே நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டு பேருக்கும் வீடு கேளுங்கள். அதுவரைக்கும், கூட இருந்து பார்த்த பிள்ளையின் கையில் இருக்கும் திறப்பை விட்டுவிடச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.