அந்த ஸ்கேலைக் கீழே வையுங்கள் அண்ணே!

நடுவர் ஐயா, எதிரணி அண்ணன்மார்களே, எங்க அணித் தோழிகளே, சபையோரே, எல்லாருக்கும் வணக்கம். நேரம் கம்மி, மணி பக்கத்துலயே இருக்குன்னு மிரட்டித்தான் மேடை ஏத்தியிருக்காங்க. அதனால வாழ்த்துப்பா கிடையாது.

தலைப்பு என்ன? வீட்டுச் சமையல்லயும் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறதுலயும் பெரிய இன்பம் எதுல இருக்கு? சொன்னபடி செய்யறதுலயா, தோன்றியபடி செய்யறதுலயா? நாங்க தோன்றியபடி கட்சி. அதனால பேச்சும் அப்படித்தான் போகும். கையில குறிப்புத்தாள் இருக்கு, பார்க்கத்தான் மாட்டேன்.

முதல்ல பேசின அண்ணன், "அளவு இல்லாம ருசி இல்லை"ன்னார். அளவுன்னா எங்க பெரியப்பாவைச் சொல்லணும். ரிட்டையர் ஆனதும் சமையலைப் பொழுதுபோக்கா எடுத்துக்கிட்டார். மனுஷன் அடுப்பைப் பத்தவைக்கிறதுக்கு முன்னாடி கிராம் தராசு வாங்கிட்டார். அளவுக் கரண்டி வரிசையா தொங்குது. பக்கத்துல கடிகாரம். புத்தகத்தைத் திறந்தார். முதல் வரி: "நடுத்தர அளவு வெங்காயம் இரண்டு." ஆடிப்போயிட்டார். எது நடுத்தரம்? கூடையில இருந்த வெங்காயம் அத்தனையையும் எடுத்து, அசெம்பிளிக்கு நிக்கிற பசங்க மாதிரி உயர வரிசையில நிக்க வச்சார். நட்டநடுவுல நின்ன ரெண்டு பேரைக் கூப்பிட்டு நறுக்கினார்.

அது கூடப் பரவாயில்லை. அடுத்த வரி: "பொன்னிறமாக வரும்வரை வதக்கவும்." பெரியப்பா அடுப்படியில இருந்தே, "இங்க கொஞ்சம் வா"ன்னார். பெரியம்மா வந்தாங்க. "கையைக் காட்டு." காட்டினாங்க. வளையலோட அந்தக் கையைப் பிடிச்சு, வாணலிக்குப் பக்கத்துல வச்சு, வெங்காயத்தைப் பார்க்கிறார், வளையலைப் பார்க்கிறார். வெங்காயம், வளையல். வளையல், வெங்காயம். பெரியம்மா எங்க பக்கம் திரும்பிச் சொன்னாங்க: "கல்யாணத்தன்னைக்குப் பிடிச்ச கை. அதுக்கப்புறம் இன்னைக்குத்தான் பிடிக்கிறாரு. அதுவும் வெங்காயத்துக்காக!"

பின்வரிசையில கேட்கலைன்னு கை காட்டுறாங்க. பாவம், திரும்பச் சொல்றேன். வெங்காயத்துக்காகக் கையைப் பிடிச்சாரு! நடுவர் ஐயா, நீங்க சிரிச்சதை நான் பார்த்துட்டேன், அதைத் தீர்ப்புல சேர்த்துக்கணும். பெரியப்பா தரப்பையும் சொல்லிடறேன், நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல? அவர் கேட்டாராம், "வளையல் 22 காரட்டா, 18 காரட்டா?" அந்த விசாரணை முடியறதுக்குள்ள வெங்காயம் பொன்னைத் தாண்டி இரும்பு நிறத்துக்குப் போயிருச்சு. அவருக்கு வெங்காயத்து மேல கோபமில்லை. "புத்தகத்துல காரட் போடலையே"ன்னுதான் கோபம்.

இதுல எங்க வாதம் இருக்குங்க. பக்கம் பக்கமா அளவு சொல்ற புத்தகமே, கடைசியில "உப்பு தேவையான அளவு"ன்னு உங்க நாக்குகிட்டதானே ஒப்படைக்குது? ஏன்னா அதுக்கு வேற வழியில்லை. ஒரு கரண்டி தூளுப்பும் ஒரு கரண்டி கல்லுப்பும் ஒரே எடை கிடையாது. கல்லுப்புல இடைவெளி அதிகம், எடை கம்மி. ஒரு தக்காளி மாதிரி இன்னொரு தக்காளி புளிக்காது. கனமான பாத்திரத்துல ஒரு நேரம், மெல்லிசுல ஒரு நேரம். அதையெல்லாம் புத்தகம் எழுதினவர் உங்க வீட்டுக்கு வந்தா பார்த்தார்?

இனிமே போர்வைக்கு வர்றேன். இல்லை, அண்ணனுக்கே வர்றேன். என்ன சொன்னார்? "தோன்றியபடி தைக்கிறதுங்கிறது, நேரா வெட்டத் தெரியாதவங்க கண்டுபிடிச்ச சாக்கு. கோணலா வெட்டிட்டு, கலைன்னு பேர் வச்சுட்டாங்க." கைதட்டல் அள்ளிட்டீங்க அண்ணே. இப்ப கொஞ்சம் திருப்பிக் கொடுங்க.

நீங்க ஊசியில நூல் கோத்திருக்கீங்களா? கோணலா வெட்டறதுதான் அண்ணே கஷ்டம். துணியைக் கிராஸா வெட்டினா ஓரம் இழுபடும். இழுபட்டதை அப்படியே தைச்சா போர்வை தரையில படியாது, அலை அலையா நிக்கும். ஸ்கேல் வச்சு வெட்டறவங்களுக்குக் கால் அங்குலம் விட்டுத் தைன்னு சட்டம் இருக்கு, வேலை முடிஞ்சுது. எங்க ஆளு என்ன செய்யணும்? வெட்டின துண்டுகளைச் சுவர்ல ஒட்டி வைக்கணும். தள்ளி நின்னு பார்க்கணும். சிவப்பு பக்கத்துல பச்சை கத்துதா, பேசுதா? ஒரு பக்கம் குறையுதா, ஒரு பட்டை சேர்க்கணும். ஒரு பக்கம் நீளுதா, வெட்டணும். வெட்டினதைத் தூக்கிப் போடாம, அது எங்க உட்காரும்னு தேடணும். அப்புறம் மேல்துணி, நடுவுல பஞ்சு, அடித்துணி, மூணையும் சேர்த்துக் குத்தித் தைக்கணும். ஒவ்வொரு துண்டுலயும் ஒரு முடிவு. சாக்கு சொல்றவனுக்கு இவ்வளவு வேலை எதுக்கு?

கோணல்னு சொன்னீங்களே, அதுக்கு ஒரு ஊரே இருக்கு அண்ணே. அமெரிக்காவுல அலபாமா மாநிலத்துல கீஸ் பெண்ட். மூணு பக்கமும் ஆறு வளைஞ்சு ஓடுற ஊர். அடிமைகளா இருந்தவங்களோட வாரிசுகள், கறுப்பினப் பெண்கள், வயக்காட்டுல கிழிஞ்ச பேன்ட், சட்டையை வெட்டிக் குளிருக்குப் போர்வை தைச்சாங்க. ஸ்கேல் கிடையாது, கண்ணுதான் ஸ்கேல். அந்தப் போர்வைகளை 2002-ல ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் சுவர்ல மாட்டுச்சு. அதே வருஷம் நியூயார்க்ல விட்னி அருங்காட்சியகம் மாட்டுச்சு. 2006-ல அமெரிக்க அஞ்சல் துறை 10 அஞ்சல்தலை வெளியிட்டுச்சு. ஒட்டுத்துணியை நீங்க கிண்டல் பண்றீங்க, அவங்க அதை ஊரெல்லாம் கவர் மேல ஒட்டி அனுப்பினாங்க!

இன்னும் கேளுங்க, இதுதான் எனக்குப் பிடிச்சது. 1966-ல அந்தப் பகுதிப் பெண்கள் ஃப்ரீடம் கில்டிங் பீன்னு ஒரு கூட்டுறவு சங்கம் ஆரம்பிச்சாங்க. அடுத்த சில வருஷத்துல சியர்ஸ்ங்கிற பெரிய கம்பெனி ஆர்டர் கொடுத்துச்சு. கார்டுராய்ங்கிற, வரிவரியா மேடு தெரியற தடித்த துணியில தலையணை உறை. ஒரே அளவு, ஒரே தையல், ஒண்ணு மாதிரி ஒண்ணு. சொன்னபடி செஞ்சு கொடுத்தாங்க, கூலி வாங்கினாங்க. ஆனா மிச்சம் விழுந்த கார்டுராய் பட்டைகள் இருக்கு பாருங்க, அது வீட்டுக்குப் போச்சு, தோன்றியபடி போர்வை ஆச்சு. அருங்காட்சியகச் சுவர்ல இன்னைக்கு எது தொங்குது? தலையணை உறையா அண்ணே? மிச்சத்துல பிறந்த போர்வை!

முதல் மணி அடிச்சுட்டாங்க. சரி. கர்நாடகத்துல இருக்கிற ஆப்பிரிக்க வம்சாவளி சித்தி இன மக்கள் போர்வையை ஓரத்துல ஆரம்பிச்சு நடுவை நோக்கித் தைச்சுக்கிட்டே போறதைச் சொல்ல நினைச்சேன், அண்ணன் பேச்சு என் நேரத்தைத் தின்னுடுச்சு. ஒண்ணே ஒண்ணு சொல்லி முடிச்சுடறேன்.

அதே கீஸ் பெண்ட்ல மிசூரி பெட்வேன்னு ஒரு அம்மா. 1942. கணவர் இறந்துட்டார். அவர் வேலைக்குப் போட்டுக்கிட்டுப் போன துணிகளைத் தவிர பெரிசா எதுவும் மிச்சமில்லை. அந்தத் துணிகளை எடுத்துக் கிழிச்சுப் போர்வை தைக்கப் போறேன், அவரை நினைச்சுக்கிட்டு அன்புக்காக அதைப் போர்த்திக்கப் போறேன்னு மககிட்ட சொன்னாங்க. மக ஆர்லோன்ஸியா பின்னாடி இதைச் சொல்லியிருக்காங்க. அந்த ஊர் வேலைத்துணிப் போர்வைகளைக் கிட்டப் போய்ப் பார்த்தா, வெளிறிப்போன நீலத்துக்கு நடுவுல ஒரு கட்டம் மட்டும் அடர்நீலமா நிக்கும். அங்க பாக்கெட் இருந்தது. வெயில் படாத இடம். முட்டி போட்டுப் போட்டுத் தேய்ஞ்ச இடத்துல இன்னொரு ஒட்டு.

சொல்லுங்கண்ணே, அந்த அம்மாகிட்டப் போய்க் கால் அங்குலம் விட்டுத் தைச்சீங்களான்னு கேட்பீங்களா? கணவரோட கால்சட்டை எந்த நீளத்துக்கு இருந்துச்சோ அந்த நீளத்துக்குத்தானே பட்டை வரும்? காய்ச்சல்ல படுத்திருந்தப்ப உங்களுக்கு ஒருத்தங்க கஞ்சி வச்சுக் கொடுத்தாங்களே, நாக்குக்கு ஒண்ணும் பிடிக்கலைன்னதும் எழுந்துபோய் ஏதோ ஒரு சிட்டிகை கிள்ளிப் போட்டுக் கொண்டுவந்து "இப்ப குடிச்சுப் பாரு"ன்னாங்களே, அவங்ககிட்ட எத்தனை கிராம்னு கேட்டீங்களா?

நடுவர் ஐயா, ரெண்டாவது மணியை நீங்க எடுத்துட்டீங்க, கை மட்டும் நடுங்குது. அந்தக் கஞ்சி உங்களுக்கும் ஞாபகம் வந்துருச்சு. தீர்ப்பை எங்க பக்கம் எழுதிடுங்க. நன்றி, வணக்கம்.