படம் போட்டால் போதுமா?

(விளையாட்டு வடிவமைப்புப் பயிலும் மாணவர்களுக்காக வெள்ளவத்தையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

இங்கே முந்நூற்றி நான்கு என்ற சீட்டாட்டம் விளையாடத் தெரிந்தவர்கள் கையை உயர்த்துங்கள். நல்லது, பாதிக்கு மேல் இருக்கிறீர்கள். மற்றவர்கள் வீட்டுக்குப் போனதும் மாமாமாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாலை முழுவதும் சொல்லித் தருவார்கள், திட்டும் விழும்.

அந்தச் சீட்டுகளை நினைத்துப் பாருங்கள். தாடியும் முடியும் வாளுமாக வீற்றிருக்கும் ராஜாவுக்கு 3 புள்ளி. ராணிக்கு 2. அவர்களுக்கு ஏவல் செய்கிற வீரனுக்கோ 30. முகமே இல்லாத ஒன்பதுக்கு 20. ஆஸுக்கு 11, பத்துக்கு 10. கூட்டினால் ஒரு வகைக்கு 76, நான்கு வகைக்கும் 304. ஐரோப்பாவில் வரைந்த அரசவையை நம் வீட்டுத் திண்ணை அப்படியே தலைகீழாக்கி வைத்திருக்கிறது. கையில் ராஜாக்களாக வந்தால் ஆட்டம் தெரிந்தவர் முகம் சுளிப்பார். புதிதாக வந்து உட்கார்ந்தவர் மட்டும் பூரிப்பார். இருவரும் பார்ப்பது ஒரே படத்தைத்தான். அதன் பெறுமதி படத்தில் இல்லை, மேசையைச் சுற்றி இருப்பவர்களின் உடன்பாட்டில் இருக்கிறது. நான் பேச வந்த விஷயமும் இதுதான்.

இதை இந்த ஊரில் பேசுவதற்குக் காரணம் உண்டு. கொழும்பில் ஒரு விளையாட்டைச் செய்யத் தொடங்கியதும் மூன்று மொழிப் பிரச்சினை வந்து நிற்கும். ஆங்கிலத்தில் நான்கு எழுத்தில் முடிகிற சொல், தமிழில் பொத்தானுக்கு வெளியே வழிந்து ஓடும். எழுத்துரு சரியில்லாமல் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கும். உடனே யாராவது ஒருவர் சொல்வார்: "எழுத்தே வேண்டாம், படமாகப் போட்டுவிடுவோம், எல்லோருக்கும் புரியும்." எனக்கு அலுப்புத் தருகிற வாக்கியம் அது. மொழிப் பிரச்சினையிலிருந்து தப்பித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, எந்த அகராதியும் இல்லாத இன்னொரு மொழிக்குள் போய் விழுகிறார்கள்.

பிளேஸ்டேஷன் என்ற விளையாட்டுக் கருவியைப் பாருங்கள். 1994இல் ஜப்பானில் வெளிவந்தபோது அதன் கைப்பிடிப் பொத்தான்களில் முக்கோணம், வட்டம், பெருக்கல் குறி, சதுரம் என நான்கு வடிவங்கள் இருந்தன. ஜப்பானியப் பள்ளிகளில் சரியான விடைக்கு வட்டம் போடுவார்கள். பெருக்கல் குறி என்றால் பிழை. ஆகவே வட்டம் 'ஆம்', பெருக்கல் 'இல்லை' என்று வைத்தார்கள். மேற்கே போனதும் இது மாறிப்போனது. அங்கே பெரும்பாலான விளையாட்டுகள் பெருக்கல் குறியையே 'ஆம்' ஆக்கின. கால் நூற்றாண்டுக் காலம் ஒரே கருவி இரண்டு விதமாக நடந்துகொண்டது. 2020இல் பிளேஸ்டேஷன் 5 வந்தபோதுதான் ஜப்பானும் மேற்கின் வழக்குக்கு மாற்றப்பட்டது. சரியான விடைக்குச் 'சரி' போட்டுப் பழகிய நமக்கு வட்டம் ஒன்றும் சொல்வதில்லை. நம் வாக்குச்சீட்டிலோ பெருக்கல் குறி ஆதரவு!

வாக்குச்சீட்டைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். வீடு, யானை, சைக்கிள், திசைகாட்டி, மொட்டு. எல்லாம் நம் கட்சிச் சின்னங்கள். இவை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எந்தப் படத்தொகுப்பிலும் இருக்கும். முகப்புக்குப் போக வீடு, வழி பார்க்கத் திசைகாட்டி என்று நீங்கள் கள்ளங்கபடமில்லாமல் வைப்பீர்கள். தேர்தல் மாதத்தில் அதை வெளியிட்டுப் பாருங்கள். கருத்துப் பகுதியில் உங்கள் கட்சியைக் கண்டுபிடித்து வாழ்த்தும் வசையும் வரும்.

அடுத்தது நிறம். ஏறக்கூடிய இடம் எது என்று காட்டுவதற்கு விளிம்புகளிலும் ஏணிகளிலும் மஞ்சள் வர்ணம் பூசுவது பெரிய விளையாட்டுகளில் இப்போது வழக்கம். 2023இல் வந்த 'ரெசிடென்ட் ஈவில் 4' மறு ஆக்கத்தில் உடைக்க வேண்டிய பெட்டிகளில்கூட மஞ்சள் இருந்தது. ஆடுபவரை முட்டாளாக நினைக்கிறார்களா என்று சண்டை நடந்தது. எனக்கு அந்தச் சண்டையில் அக்கறை இல்லை. நம் ஊரில் ஒரு மரத்தில் மஞ்சள் துணி கட்டி, அடியில் சூலம் ஒன்றும் நட்டிருந்தால் யார் அதில் ஏறுவார்கள்? செருப்பைக் கழற்றிவிட்டு அல்லவா நிற்பார்கள்? அங்கே 'வா, ஏறு' என்கிற நிறம் இங்கே 'தள்ளி நில்' என்கிறது. ஒரு நல்ல வடிவமைப்பாளர் இந்த முரணையே விளையாட்டாக்கிவிடலாம். இதுவரை நம்மில் யாரும் செய்து நான் பார்க்கவில்லை.

வெள்ளைக்கொடியும் அப்படித்தான். ஆட்டத்தை விட்டுக்கொடுக்கும் பொத்தானில் அதைப் போடுவது உலக வழக்கம். கொழும்பில் ஓர் ஒழுங்கையின் முகப்பிலிருந்து வரிசையாக வெள்ளைக்கொடி கட்டியிருந்தால் உள்ளே மரணவீடு. நம்மில் பலருக்கு அது வேறொன்றையும் நினைவூட்டும். அதை இங்கே நான் விரிக்கப்போவதில்லை. அந்தப் பொத்தானை மட்டும் மாற்றிவிடுங்கள்.

சூழலை நம்பிச் சரியாகச் செய்த ஒன்றையும் காட்ட வேண்டும். 2023இல் டொரொண்டோவிலிருந்து 'வெண்பா' என்ற விளையாட்டு வந்தது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம். தாயின் சமையல் குறிப்பேடு. அதில் பல வரிகள் கறைபட்டு அழிந்திருக்கின்றன. முதற் சமையல் இட்லி. தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாக் குழிகளுக்கும் போகும் என்பதை ஆடுபவரே கண்டுபிடிக்க வேண்டும். இட்லிப் பாத்திரத்தைப் பார்த்தே இராத ஒருவர், கீழே தண்ணீர், மேலே துளை என்று யோசித்து விடைக்கு வருகிறார். நம்மவருக்கு யோசனையே தேவையில்லை, கை தானாகப் போகிறது. ஒருவருக்குப் புதிராகவும் மற்றவருக்கு நினைவாகவும் ஒரே படம் வேலை செய்கிறது. பக்கத்தில் விளக்கக் குறிப்பு எதையும் ஒட்டாமல் விட்டதுதான் துணிச்சல். 2024இல் அறிமுக விளையாட்டுக்கான பிரித்தானியாவின் பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. பிட்டு அவிக்கிற நீற்றுப்பெட்டியை வைத்து யாராவது ஒன்று செய்தால் முதல் பிரதி எனக்கு.

இதற்கு மாறான கதை பரமபதம். ஏணி புண்ணியம், பாம்பு பாவம், உச்சியில் வைகுண்டம் என்று ஒவ்வொரு கட்டத்திலும் பொருள் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்குப் போய், கொஞ்சக் காலம் அவர்களுடைய நீதிகளைச் சுமந்து, பிறகு அதையும் கழற்றிப் போட்டது. இப்போது பாம்பு வெறும் பாம்பு.

கடைசியாக, உங்களில் பலர் செய்திருக்கும் ஒரு காரியம். உயிரைக் கூட்டும் மருந்துப்பெட்டியில் வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவை போட்டிருக்கிறீர்கள். அது பொதுச் சொத்து அல்ல. 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையால் பாதுகாக்கப்பட்ட சின்னம். போர்க்களத்தில் 'சுடாதே' என்று சொல்வதற்கானது. 'பிரிசன் ஆர்க்கிடெக்ட்' என்ற விளையாட்டில் ஆம்புலன்சின் மீது அது இருந்ததற்காக, பிரித்தானியச் செஞ்சிலுவைச் சங்கம் எழுதிக் கேட்டு மாற்ற வைத்தது. அவர்கள் பச்சைக்கு மாற்றினார்கள்.

நாம் எதற்கு மாற்றுவது? என் யோசனை செவ்விளநீர். காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கு எந்த வீட்டிலும் அதைத்தான் வெட்டிக் கொடுப்பார்கள்; தமிழர், சிங்களவர், முஸ்லிம் என்ற வேறுபாடு அதில் இல்லை. ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. முப்பத்திரண்டு புள்ளிச் சதுரத்துக்குள் வரைந்தால் அது தோடம்பழம் போலத் தெரியும். மேல்பக்கத்தைச் சீவி வெள்ளையைக் காட்டினால் சரிவருமா, ஸ்ட்ரோ ஒன்றும் செருக வேண்டுமா என்று வரைந்து பாருங்கள். காலி முகத்திடலில் இளநீர் விற்பவரிடம் முதலில் காட்டுங்கள், பிறகு என்னிடம் கொண்டுவாருங்கள்.