கண்ணாடிப் பெட்டிக்கு இந்தப் பக்கம்

(பல்கலைக்கழகக் கலை அருங்காட்சியகங்களில் தன்னார்வலராகச் சேர விரும்புகிறவர்களுக்காகப் புதுச்சேரியில் நடந்த கூட்டத்தில் பேசியது. பேச்சில் விட்டுப்போன சிலவற்றை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

அனைவருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அதுவும் இந்த வெயிலில், இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். கல்லூரிப் பிள்ளைகள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சில அம்மாக்கள், எல்லோரையும் ஒரே இடத்தில் பார்க்க மனசு நிறைகிறது. நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

1937-இல் ழூவோ துப்ராய் என்ற பிரெஞ்சு அறிஞர், நம் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் ஊர்ப்பிள்ளைகள் பொறுக்கி வைத்திருந்த மணிகளையும் கற்களையும் அவர்களிடமிருந்தே வாங்கினார். அப்போது கிடைத்தவற்றில் ஒரு சின்னக் கல்லில் மனிதத் தலை ஒன்று செதுக்கியிருந்தது. அந்த ஆற்றங்கரை மேடுதான் அரிக்கமேடு, அதன் கதை அங்கிருந்துதான் சூடு பிடிக்கிறது. 1945-இல் தொல்லியல் அறிஞர் வீலர் வந்து தோண்டினார், 1947-லிருந்து 1950 வரை கசால், அப்புறம் 1989-லிருந்து 1992 வரை விமலா பெக்லி. ரோமானிய நாட்டோடு வாணிகம் நடந்த துறைமுகம் என்று உலகமே பேசியது. அந்தப் பொருள்களில் ஒரு பங்கு நம் ஊர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. முதலில் குனிந்து பொறுக்கியவர்கள் காக்காயன்தோப்புப் பக்கத்துப் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றிருக்கிறார்களா? நான் இன்று பேச வந்தது இதைத்தான். (இப்போது அரிக்கமேட்டில் எதையும் எடுக்கக் கூடாது, அது பாதுகாக்கப்பட்ட இடம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.)

பல்கலைக்கழகங்கள் கலைப்பொருள் சேர்ப்பது ஒன்றும் புதிதில்லை. ஆக்ஸ்போர்டில் ஆஷ்மோலியன் 1683-இல் திறந்தது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் கலைக்கூடம் 1832-இல், டிரம்புல் என்ற ஓவியர் கொடுத்த படங்களோடு தொடங்கியது. நம் நாட்டில் கல்கத்தா பல்கலைக்கழகத்து அசுதோஷ் அருங்காட்சியகம் 1937-இல் வந்தது. காசியில் பாரத் கலா பவனை ராய் கிருஷ்ணதாஸ் 1920-லேயே தொடங்கிவிட்டார், பிறகு 1950-இல் அது இந்துப் பல்கலைக்கழகத்துக்குள் போய்ச் சேர்ந்தது. இவையெல்லாம் முதலில் மாணவர்கள் பார்த்துப் படிக்கத்தான். வாயிற்கதவைத் தாண்டி ஊர் உள்ளே வர வேண்டும் என்ற எண்ணம் மெல்ல மெல்லத்தான் வந்தது. அப்படி ஊர் வரத் தொடங்கிய இடங்களில் தன்னார்வலர்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. பள்ளிக்கூடங்களுக்குக் கடிதம் எழுதுவது, பஸ் வாடகைக்குப் பணம் திரட்டுவது, வாசலில் நின்று வரவேற்பது, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து களிமண் பிசைவது என்று அவர்கள் தொடாத வேலை கிடையாது.

அதில் ஒரு வேலையைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். படத்துக்குப் பக்கத்தில் நின்று பிள்ளைகளோடு பேசுவது. பாஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் 1907-லேயே இதற்கென்று ஆட்களை வைத்தார்கள். நம் ஊரில் இந்த வேலை என்றதும் ஒருவர் விறுவிறுவென்று நடந்துகொண்டே, இது பன்னிரண்டாம் நூற்றாண்டு, இது சோழர் காலம், இது ஐம்பொன் என்று ஒப்பித்துக்கொண்டு போவதும், பின்னால் எண்பது பிள்ளைகள் கைகோத்து வரிசையில் ஓடுவதும்தான் கண்ணுக்கு வரும். அப்படிப் போனால் பிள்ளைகளுக்கு முன்னால் போகிறவனுடைய முதுகைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கல்விப் பிரிவைப் பார்த்துக்கொண்ட பிலிப் யெனவைனும், அபிகைல் ஹவுசன் என்ற உளவியலாளரும் சேர்ந்து ஒரு முறையை உருவாக்கினார்கள். மூன்றே கேள்விகள். இந்தப் படத்தில் என்ன நடக்குது? எதைப் பார்த்து அப்படிச் சொல்ற? இன்னும் என்ன தெரியுது? அவ்வளவுதான். பதில் சொல்லும் பிள்ளை சொன்னதை நாம் திரும்ப ஒருமுறை சொல்ல வேண்டும், எதைக் காட்டுகிறதோ அதை விரலால் சுட்ட வேண்டும், சரி தப்பு என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. எளிதாகத் தெரியும். வாயைக் கட்டிக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று வந்து செய்து பார்த்தால்தான் புரியும், அதுவும் என்னைப் போல ஆயுள் முழுக்க டிராயிங் வகுப்பில் பேசிப் பழகியவர்களுக்கு.

ஒருமுறை மாணவர் ஓவியக் கண்காட்சி ஒன்றுக்கு மீனவக் குப்பத்துப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஒரு படத்தில் கரையில் படகு, பக்கத்தில் குவியலாக நீல வலை, வலை மேல் இரண்டு காக்கா. என்ன நடக்குது என்று கேட்டதும் ஒரு பெண் குழந்தை, ஆறாவது படிப்பாள், "இப்பதான் கரைக்கு வந்திருக்காங்க" என்றாள். எதைப் பார்த்துச் சொல்றம்மா? "வலையில இன்னும் மீன் கழட்டல." மீன் எங்கே தெரியுது? மீனை வரையவே இல்லையே. அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "காக்கா உக்காந்திருக்குல்ல, வெறும் வலையில காக்கா எதுக்கு உக்காரும்?" படம் வரைந்த தம்பி பின்னால் நின்றுகொண்டிருந்தார். அந்த இடத்தில் ஒரு கறுப்பு தேவைப்பட்டது, அதற்காகத்தான் காக்காவைப் போட்டேன் என்று அப்புறம் என்னிடம் சொன்னார். அடுத்த அரை மணி நேரம் அந்தப் படத்தை விட்டுப் பிள்ளைகள் நகரவில்லை. படகு எந்தக் கட்டையால் செய்தது, சூரியன் எந்தப் பக்கம், கரையில் ஏன் பெண்கள் யாரும் இல்லை, கூடைக்காரம்மா எங்கே என்று ஒரே பேச்சு. கலைக்கல்வி என்று நான் எதைச் சொல்கிறேனோ அது அந்த அரை மணி நேரத்தில் நடந்தது.

இதே போல இன்னொன்று. அரிக்கமேட்டில் கிடைத்த மண்பாத்திர ஓடுகளில் ரௌலட்டட் என்று ஒரு வகை உண்டு. மெல்லிசான, வழுவழுப்பான, சாம்பலும் கறுப்புமான தட்டு. உள்பக்கம் அடியில், வட்டம் வட்டமாகப் பொடிப்பொடிக் கீறல்கள், எறும்பு வரிசை போல அளந்து வைத்த மாதிரி ஓடும். இந்த வேலைப்பாடு மத்தியத்தரைக் கடல் பக்கத்திலிருந்து வந்தது என்று வீலர் காலத்தில் நினைத்தார்கள். பிறகு மண்ணின் சேர்மானத்தை ஆராய்ந்தபோது தட்டுகள் இந்தியாவிலேயே செய்தவை என்ற பக்கம்தான் ஆதாரம் சேர்ந்தது. கீறலை எப்படிப் போட்டார்கள்? பல் வைத்த சின்னச் சக்கரத்தை உருட்டியா, தகட்டைத் துள்ளவிட்டா? அறிஞர்கள் இதை எழுதித் தீர்த்திருக்கிறார்கள். வில்லியனூர்ப் பக்கம் மண்வேலை செய்கிற பெரியவர் ஒருவரை ஒரு நாள் அழைத்துக்கொண்டு போய் அந்தக் கண்ணாடிக்கு முன் நிறுத்தினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "தகடுதாங்க. பச்சையா இருக்கும்போது வராது, இழுத்துக்கும். கொஞ்சம் காய்ஞ்சு விறைச்சப்புறம், சக்கரம் சுத்தும்போது மெல்லிசு தகட்டை லேசா ஒட்டிப் பிடிச்சா அதுவே துள்ளித் துள்ளி அடிக்கும்" என்றார். சொன்னதோடு நிற்காமல் கையைக் காற்றில் வைத்துப் பிடித்தும் காட்டினார். அதுதான் விடை என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் அந்தக் கை இரண்டாயிரம் வருடத்துத் தட்டை எனக்குப் புரியவைத்த மாதிரி எந்த விளக்க அட்டையும் புரியவைத்ததில்லை.

அவரைப் போன்றவர்கள் அருங்காட்சியகத்துக்குத் தன்னார்வலர்களாக வர வேண்டும், இது என் உறுதியான எண்ணம். வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. சுடுமண் கலைஞர் முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இவ்வளவு இருந்தும் நம் கூட்டங்களில் அவர்களைக் கடைசியில் ஸ்டால் போடத்தான் கூப்பிடுகிறோம். பேசுவதற்கு என்னைப் போன்ற ஆட்களை மேடைக்குக் கூப்பிடுகிறோம். இதை மாற்ற வேண்டும்.

இங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மூடி மறைக்காமல் பேசிவிடலாம். காசு வாங்காமல் வாரம் ஒரு நாள் வருவது யாரால் முடியும்? பென்ஷன் வருகிறவரால் முடியும், வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இருக்கிறவரால் முடியும். ஒரு நாள் சக்கரத்தை நிறுத்தினால் அன்றைய கூலி போகிறவரால் முடியாது. சிகாகோவின் பெரிய கலை அருங்காட்சியகத்தில் பல காலமாக இருந்த சம்பளமில்லா வழிகாட்டிகள் ஏற்பாட்டை 2021-இல் நிறுத்திவிட்டார்கள். வசதியும் நேரமும் உள்ள ஒரே வகை மனிதர்களே அதில் நிறைந்துவிட்டார்கள் என்பது அங்கே பேசப்பட்ட முக்கியமான காரணம். வருடக்கணக்கில் அன்பாக உழைத்தவர்களை அப்படி அனுப்பியது சரியா என்று பெரிய சண்டையே நடந்தது. அப்படி அனுப்பியது எனக்கும் வருத்தம்தான். ஆனால் அந்த அருங்காட்சியகத்தார் கேட்ட கேள்வி நியாயமானது. நாம் தொடங்கும்போதே அதற்குப் பதில் வைத்துக்கொள்ளலாம். குயவரோ, கூத்துக் கலைஞரோ, வலை பின்னுகிற அம்மாவோ வந்தால் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் கையில் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும், சால்வை போர்த்தி அனுப்புவது போதாது. அப்புறம், சம்பளத்துக்கு ஆள் எடுக்க வேண்டிய வேலையைத் தன்னார்வலர் தலையில் கட்டுவதற்கும் நாம் ஒத்துக்கொள்ளக் கூடாது.

பயிற்சி பற்றியும் சொல்ல வேண்டும். தொடாதே, தொடாதே என்று கத்திக்கொண்டு நிற்கிற ஆள் பிள்ளைகளுக்கு வில்லன். ஏன் தொடக் கூடாது என்று சொல்லத் தெரிந்தவர் அவர்களின் கூட்டாளி. நம் கை வியர்வையில் உப்பு இருக்கிறது, அது வெண்கலத்தில் பட்டால் மெல்ல அரிக்கும், இளம்பச்சையாகப் பொடி கிளம்பும். கடற்கரை ஊரில் காற்றே உப்பு, பைக் சைலன்சர் என்ன ஆகிறது என்று நம் பிள்ளைகளுக்கே தெரியும், அங்கிருந்து தொடங்கினால் ஒரே நிமிடத்தில் புரிந்துகொள்வார்கள். தாளில் வரைந்த படம் இருக்கும் அறை ஏன் மங்கலாக இருக்கிறது? வெளிச்சம் நிறத்தைத் தின்றுவிடும், அதனால் வெளிச்சத்தை அளக்கும் கணக்கில் 50 லக்ஸுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது வழக்கம். இதையும் சொல்லலாம். கூடவே தொட்டுப் பார்க்க என்று தனியாக ஒரு பெட்டி வையுங்கள். புதிதாகச் சுட்ட ஓடு, வார்ப்புக்கு முந்தின மெழுகுத் துண்டு, ஒரு சின்ன வெண்கல விளக்கு போதும்.

குஜராத்தில் பரோடா பல்கலைக்கழகத்து நுண்கலைப் புலத்தில் 1960களில் கலைத் திருவிழா என்று ஒன்று தொடங்கினார்கள். ஆசிரியர்களும் மாணவர்களும் பொம்மை செய்து ஊருக்கு விற்றார்கள். அதில் முன்னால் நின்று செய்தவர்களில் ஒருவர் கே.ஜி. சுப்ரமணியன், நம் புதுச்சேரியைச் சேர்ந்த மாஹேயில் சிறுவயதைக் கழித்தவர். பெரிய ஓவியர் உட்கார்ந்து குழந்தைக்கு மரப்பொம்மை செய்கிறார் என்றால் அந்தப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைய ஊர்க்காரருக்கு ஏன் கூச்சம் வரப்போகிறது? அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது, காலாப்பட்டில் பல்கலைக்கழகம் இருக்கிறது, பக்கத்தில் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கலை படிக்கிற பிள்ளைகளுக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை.

நடைமுறை விஷயம் சில, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவைக்கு ஒரு வகுப்புதான், அதையும் சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு வருகையில் நாலைந்து பொருள்களுக்கு மேல் பார்க்க வேண்டாம். குடிக்கத் தண்ணீர், பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை, இந்த இரண்டையும் முன்கூட்டியே போய்ப் பார்த்துவிட்டுத்தான் தேதி கொடுக்க வேண்டும். அரசுப் பள்ளியாக இருந்தால் பஸ்ஸை நாம் ஏற்பாடு செய்யலாம். பெற்றோர் வந்தால் வாசலில் உட்கார வைக்காமல் உள்ளே கூட்டிப் போங்கள்.

இப்போது ஒரு தாள் சுற்றி வரும். பேர், எந்தக் கிழமை வர முடியும், குறைந்தது எத்தனை மாதம் தொடர்ந்து வர முடியும் என்று எழுதுங்கள். அடிக்கடி ஆள் மாறினால் பிள்ளைகளுக்குப் பழக்கம் ஏற்படாது, அதனால்தான் மாதக் கணக்குக் கேட்கிறோம். டிகிரிக்கு இடம் விடவில்லை, வேண்டாம் என்றுதான் விடவில்லை. கடைசிக் கட்டத்தில் "கைக்குத் தெரிந்த வேலை" என்று இருக்கிறது, அதை யாரும் காலியாக விடாதீர்கள். கோலம், தையல், பூக்கட்டுவது, தச்சு வேலை, படகுக்குப் பெயிண்ட் அடிப்பது, எதுவானாலும் எழுதுங்கள். பேனா இல்லாதவர்கள் முன்வரிசையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.