கடலோர விடுதிக்குப் போகுமுன்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரே குடும்பம் சமைத்து, பரிமாறி, மாடியில் நாலைந்து அறைகளையும் பார்த்துக்கொள்ளும் கடலோர உணவகங்களில் பெரும்பாலும் மீன் வாங்குவது காலையில் ஒரே தடவைதான். படகில் என்ன வந்ததோ அதுதான் அன்றைய சமையல். அதனால் முந்தின நாள் சாயங்காலமே போன் செய்து, எத்தனை பேர், எத்தனை மணிக்கு வருவீர்கள், யாருக்கு இறால், நண்டு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் பத்துப் பேர் போய் இறங்கினால் அடுப்படியில் இருக்கும் இரண்டு பேர் என்ன செய்வார்கள்?

போனதும், வந்திருக்கும் மீனை முழுசாகக் காட்டச் சொல்லுங்கள். கண் புடைத்துப் பளிச்சென்று இருக்க வேண்டும்; குழிவிழுந்து பால்போல் மங்கியிருந்தால் பழசு. செவுளைத் தூக்கினால் நல்ல சிவப்பு தெரியவேண்டும், பழுப்பு கூடாது. விரலால் அழுத்திய குழி உடனே மேலெழ வேண்டும்.

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி என்றால் இன்னும் கவனம் வேண்டும். பிடித்தவுடன் ஐஸில் வைக்காவிட்டால் சதையில் ஹிஸ்டமின் என்ற, உடம்புக்கு ஆகாத வேதிப்பொருள் சேரும். எவ்வளவு வறுத்தாலும் கொதிக்கவைத்தாலும் அது போகாது. கெட்ட வாடைகூட வராமல் இருக்கலாம். வாயில் வைத்ததும் மிளகுபோல் சுருக்கென்றால் அதோடு நிறுத்திவிடுங்கள். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலைவலியும் படபடப்பும் வந்தால் மருத்துவரிடம் போங்கள். என்ன மீன் சாப்பிட்டீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். இதை மீன் ஒவ்வாமை என்று நினைத்து மீனையே விட்டவர்கள் உண்டு.

அறையைப் பொறுத்தவரை, உப்புக்காற்றில் பூட்டும் தாழ்ப்பாளும் துருப்பிடித்துச் சிக்கும். பெட்டியை வைக்குமுன் உள்ளேயிருந்து ஒருமுறை பூட்டித் திறந்து பாருங்கள். குழாய்த் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லையா? கிணற்றில் கடல்நீர் கலந்திருக்கலாம். குடிக்க வேறு தண்ணீர் கேளுங்கள்.

கடலில் இறங்குமுன் எந்த இடம் சரி என்று அந்த வீட்டுக்காரர்களிடமே கேளுங்கள். இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் உடையாமல் அமைதியாகத் தெரியும் பகுதிதான் பலசமயம் ஆளை உள்ளே இழுக்கும் நீரோட்டம். சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அதிலிருந்து விலகி, பிறகு கரைக்குத் திரும்புங்கள்.

கடல் ஏறும் நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் மேலே ஏறும். வண்டியை எங்கே நிறுத்துவது என்பதையும் அவர்களிடமே கேட்டுவிடுங்கள். சாயங்காலம் காய்ந்து கிடக்கும் மணலில் ராத்திரி தண்ணீர் நிற்கலாம்.