பாட்டு சிகாகோவுடையது, ஒலி இந்த ஆல்பத்துடையது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

ஜான் மேயாலின் இங்கிலாந்து இசைக்குழு, கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனோடு பதிவு செய்து, 1966 ஜூலையில் டெக்கா கம்பெனி வெளியிட்ட 'ப்ளூஸ் பிரேக்கர்ஸ் வித் எரிக் கிளாப்டன்' ஆல்பம் இன்றும் நம்மை இழுப்பது அதன் பாட்டுகளாலா, கிட்டார் ஒலியாலா? இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர், "ஓட்டிஸ் ரஷ், ஃப்ரெடி கிங், ராபர்ட் ஜான்சன் ஆகிய அமெரிக்கக் கறுப்பின மேதைகளின் ப்ளூஸ் பாட்டுகளை எடுத்துவிட்டால் இதில் என்ன மிஞ்சும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

நான் திருப்பிக் கேட்கிறேன். பாட்டுக்காகத்தான் வருகிறோம் என்றால் இங்கே ஏன் வர வேண்டும்? 'ஆல் யுவர் லவ்' பாட்டை ஓட்டிஸ் ரஷ் 1958-லேயே சிகாகோவில் பதிவு செய்துவிட்டார். அவர் குரலில் உள்ள தவிப்பு ஜான் மேயாலின் மெல்லிய குரலில் இல்லை. மேயால் பெரிய மனிதர், இளம் கலைஞர்களைத் தேடிப்பிடித்து வளர்த்தவர்; ஆனாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும். ரே சார்ல்ஸின் 'வாட்'ட் ஐ சே' இதில் இருக்கிறது. நடுவே டிரம்முக்கு நீண்ட தனி ஆவர்த்தனம் வந்து பாட்டே மறந்துபோகிறது. மூலப் பதிவு பல மடங்கு மேல். அப்படியிருந்தும் ஏறத்தாழ 60 ஆண்டுகளாகக் கிட்டார் பிடிக்கிறவர்கள் இந்த ஆல்பத்தைத் தேடி வருகிறார்களே, எதற்காக?

அந்த ஒலிக்காக, நடுவர் அவர்களே!

லண்டன் வெஸ்ட் ஹாம்ப்ஸ்டெட்டில் இருந்த டெக்கா ஸ்டுடியோவுக்குப் போவோம். கிளாப்டனுக்கு 21 வயது. கையில் கிப்சன் லெஸ் பால் கிட்டார். கிப்சன் கம்பெனி அந்த வடிவத்தைச் செய்வதையே நிறுத்திச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. எதிரே மார்ஷல் ஆம்ப்ளிஃபையர், அதில் 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு. ஸ்டுடியோவில் சத்தத்தைக் குறைத்து வைத்து வாசிப்பதுதான் அன்றைய வழக்கம். கிளாப்டன் மறுத்துவிட்டார். மேடையில் வைக்கும் அதே சத்தத்தில்தான் வாசிப்பேன் என்றார். ஒலிப்பதிவாளர் கஸ் டட்ஜன் திகைத்துப்போனார். தயாரிப்பாளர் மைக் வெர்னன் அந்தப் பையன் பக்கம் நின்றார்.

அந்தப் பிடிவாதம் என்ன செய்தது? தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றுவது பிக்கப்; லெஸ் பாலின் பிக்கப்பில் இரண்டு கம்பிச்சுருள்கள். அவை இரைச்சலை அடக்கும், வலுவான சிக்னலையும் கொடுக்கும். அந்த வேகத்தில் ஆம்ப்ளிஃபையரின் வால்வுகள், அதாவது சிக்னலைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்கள், தாங்கும் எல்லையைத் தாண்டுகின்றன. ஒலியின் உச்சிகள் மழுங்குகின்றன, சுரம் தடிக்கிறது, சட்டென்று ஓயாமல் நீண்டு நிற்கிறது. ஸ்பீக்கரிலிருந்து வரும் அதிர்வு தந்தியை மறுபடி மீட்டுகிறது. குறைந்த சத்தத்தில் இது நடக்கவே நடக்காது. ஆம்ப்ளிஃபையர் கரகரப்பது சிகாகோவிலேயே உண்டு என்று எதிரணியினர் சொல்லலாம். உண்டு, ஒப்புக்கொள்கிறேன். லெஸ் பால் வாங்கும் ஆசையே கிளாப்டனுக்கு ஃப்ரெடி கிங்கின் ஆல்பம் அட்டையைப் பார்த்து வந்ததுதான். ஆனால் கிங்கின் 'ஹைட்அவே'யையும் இவர் வாசித்ததையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மெட்டு அதுவே. கிங்கிடம் துள்ளல், இவரிடம் ஒரு கனம். அந்தக் கனம் இதற்கு முன் எந்த ஆல்பத்திலும் இப்படிப் பதிவானதில்லை என்பதே என் வாதம்.

பிறகு என்ன ஆயிற்று? 1968-ல் கிப்சன் கம்பெனி அந்த லெஸ் பாலை மறுபடி செய்யத் தொடங்கியது. அந்த மார்ஷல் ஆம்ப்ளிஃபையருக்குப் 'ப்ளூஸ்பிரேக்கர்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. பாட்டுக்காக யாராவது ஆம்ப்ளிஃபையர் வாங்குவார்களா?

ஒரு பாட்டை மட்டும் எதிரணிக்கே கொடுத்துவிடுகிறேன். ராபர்ட் ஜான்சனின் 'ராம்ப்ளின் ஆன் மை மைண்ட்'. கிளாப்டனே கூச்சத்தோடு பாடுகிறார். அங்கே பாட்டுதான் ஆள்கிறது, அழகாகவே ஆள்கிறது.

எதிரணியினர் கறுப்பினக் கலைஞர்களுக்காகப் பரிந்து பேசினார்கள். அந்த அக்கறை எங்களுக்கும் உண்டு. அதனால்தான் சொல்கிறோம்: பாட்டுகளின் பெருமையை இந்த ஆல்பத்தின் கணக்கில் எழுதாதீர்கள். எழுதினால் ஓட்டிஸ் ரஷ்ஷுக்குச் சேர வேண்டியதை லண்டனுக்குத் தூக்கிக் கொடுத்தவர்களாவோம். அவர்களுடையது அவர்களுக்கே இருக்கட்டும். இந்த ஆல்பத்துக்கு அதன் ஒலியைக் கொடுங்கள்.

கடைசியாக ஒரு சான்று. இதன் உச்சம் எது? என்னைக் கேட்டால் 'ஹேவ் யூ ஹியர்ட்'. அது இரவல் பாட்டே இல்லை, மேயால் எழுதியது. சாக்ஸஃபோன் துணையோடு மெதுவாக நகர்கிறது. சொற்கள் சாதாரணம், ப்ளூஸில் நூறு முறை கேட்ட ஏக்கம். அதில் கிளாப்டனின் கிட்டார் நுழையும்போது நெஞ்சு அடைக்கிறது. தீர்ப்பு எழுதும் முன், நடுவர் அவர்களே, அந்த இடத்தை மட்டும் நல்ல சத்தமாக வைத்து ஒருமுறை கேட்டுவிடுங்கள். நன்றி, வணக்கம்.